மும்பை–நியூயார்க்: எத்தனை மணி நேரம் தூங்கினேன்?

என் சுருக்கெழுத்து நோட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. தோஹா வழியாகப் போனபோது ஆறே கால் மணி நேரம். துபாய் வழியாக மூன்றரை. அபுதாபி வழியாக ஐந்து. நேரடி விமானத்தில் ஏழு மணி நாற்பது நிமிடம். இவை பயண நேரம் இல்லை. மும்பையில் ஏறி நியூயார்க்கில் இறங்குவதற்குள் நான் தூங்கிய நேரம்.

இரண்டு முழங்காலையும் மாற்றிக்கொண்ட பிறகு நான் எகானமியில் வரக் கூடாது என்று எடிசனில் இருக்கும் மகள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பிசினஸ் கிளாஸ், அவள் செலவில். போக வர ஒருவருக்கு மூன்று லட்சத்துக்கு மேல் என்று முதல் முறை கேட்டபோது, 1986இல் செம்பூர் வீட்டுக்கு நாங்கள் கட்டிய முன்பணம்தான் நினைவுக்கு வந்தது. அவ்வளவு பணத்துக்குக் கிடைப்பது ஒரு கட்டில். ஷாம்பெயினை நான் தொடுவதில்லை. அழகான சின்னப் பையில் தரும் வாசனைத் தைலங்கள் பீரோவில் சேர்ந்துகொண்டே போகின்றன. அதனால் தூக்கத்துக்குத்தான் என் மதிப்பெண்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். எந்த விமானம் என்று பாருங்கள். எமிரேட்ஸின் இரண்டடுக்கு ஏ380 விமானத்தில், மேல்தளத்தில் இருக்கும் பிசினஸ் கிளாஸில் 1-2-1 வரிசை, அதாவது இரண்டு நடைவழிகளுக்கு நடுவே இரண்டு, இரு ஓரமும் ஒவ்வொன்று; யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். அதே நிறுவனத்தின் போயிங் 777 விமானங்கள் பலவற்றில் 2-3-2. நடுவில் மாட்டிக்கொள்பவர் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டுத்தான் கழிவறைக்குப் போக வேண்டும். ஏர் இந்தியாவிலும் இதே கதை: பழைய 777-300இஆர் விமானங்களில் 2-3-2, அமெரிக்காவின் டெல்டாவில் ஓடிவிட்டு வந்த 777-200எல்ஆர் விமானங்களில் கதவு வைத்த 1-2-1. பணம் கட்டும் முன் இருக்கை வரைபடத்தைத் திறந்து, ஒரு வரிசையில் எத்தனை கட்டங்கள் என்று எண்ணிவிடுங்கள். நான்குதான் இருக்க வேண்டும்.

தோஹா வழியாகப் போகும் கத்தார் ஏர்வேஸில் கியூசூட் என்ற பிசினஸ் கிளாஸ் இருக்கை 2017இல் வந்தது. இழுத்து மூடும் கதவு, மூடினால் முதல் வகுப்பு ரயில் கூபே மாதிரி நமக்கென்று ஓர் அறை. வரிசை மாற்றி வரிசை முன்னோக்கியும் பின்னோக்கியும் இருக்கைகள். ஜன்னலை ஒட்டிய இருக்கை வேண்டுமென்றால் பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். தலை சுற்றாதா என்று மகள் கவலைப்பட்டாள். ஹார்பர் லைன் லோக்கலில், லேடீஸ் பெட்டியில், வி.டி. ஸ்டேஷன் வரை முப்பது வருடம் கிடைத்த இடத்தில் எந்தத் திசை பார்த்தும் உட்கார்ந்து போனவளுக்கு இதில் என்ன தலைசுற்றல்! நடுவில் இருக்கும் ஜோடி இருக்கைகளின் தடுப்பை இறக்கினால் இரட்டைக் கட்டில் ஆகிவிடுகிறது. என் கணவருடைய குறட்டையை முன்னிட்டு நான் அதை மறுத்துவிட்டேன்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது, கேட்ட நேரத்தில் சாப்பாடு. "ஏறியதும் தூங்கிவிடுவேன், எழுந்த பிறகு சாப்பிடுகிறேன்" என்று பணிப்பெண்ணிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு மெத்தை விரித்துக் கொடுத்தாள். ஆறே கால் மணி நேரம் ஒருவரும் என்னைத் தொடவில்லை. ஆனால் அந்தத் தூக்கம் முழுவதும் தோஹாவுக்கு அப்பால்தான். மும்பையிலிருந்து எங்கள் விமானம் விடியற்காலை நாலரைக்கு. மூன்றரை மணி நேரப் பயணத்தில் தட்டை எடுத்துக்கொண்டு போவதற்குள் இறங்கும் அறிவிப்பு வந்துவிடுகிறது. வளைகுடா வழியாக எதில் போனாலும் இந்த முதல் துண்டுக்குக் கொடுக்கும் பணம் பாதி வீண்.

துபாயிலிருந்து எமிரேட்ஸின் ஏ380. மேல்தளத்தின் பின்பக்கம் வட்டமாக ஒரு பார். நின்று பேச ஓர் இடம் கிடைத்தால் என் கணவருக்கு விமானமும் மாட்டுங்கா மார்க்கெட்டும் ஒன்றுதான். கையில் ஆரஞ்சு ஜூஸோடு போனவர் கோவில்பட்டிக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார். மேகத்துக்கு மேலே கடலைமிட்டாய்ப் பேச்சு. மூன்று முறை வந்து என்னை எழுப்பினார்: "வந்து பாரேன், நம் ஊர்க்காரர்." நான் மூன்றரை மணி நேரமே தூங்கியதற்கு எமிரேட்ஸ் பொறுப்பில்லை. ஜன்னலை ஒட்டித் தூங்க வேண்டுமானால் ஏ அல்லது கே எழுத்துள்ள இருக்கையை எடுங்கள். பி, ஜே இரண்டும் நடைவழிப் பக்கம் இருப்பவை. பாருக்குத் தள்ளி, முன்பக்கமாக எடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தில், முதல் பயணத்தில், டிக்கெட் போட்டவர் எங்களுக்கு 'ஹிந்து மீல்' என்று பதிந்துவிட்டார். மூடியைத் திறந்தால் கோழி. விமானக் கணக்கில் ஹிந்து உணவு என்றால் மாட்டிறைச்சி இல்லாதது, அவ்வளவுதான். சைவம் என்று பொருளே இல்லை. மாற்றுத் தட்டும் இல்லை. பழமும் ரொட்டியுமாக அந்த இரவு கழிந்தது. நமக்கு வேண்டிய குறியீடு ஏ.வி.எம்.எல்., ஆசிய சைவ உணவு. ஸ்டுடியோ பெயரோடு ஓர் எல் சேர்த்து நினைவில் வைத்திருக்கிறேன். வெங்காயம் பூண்டு வேண்டாதவர்களுக்கு வி.ஜே.எம்.எல்., ஜைன உணவு.

அபுதாபியின் எதிஹாத் விமானத்துக்குப் போனது தற்செயல்; இப்போது அதை விட மனமில்லை. தூக்கம் ஐந்து மணி நேரம்தான். ஆனால் அபுதாபியிலேயே அமெரிக்க அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2014 முதல் அந்த ஏற்பாடு. குடிநுழைவும் சுங்கமும் அங்கேயே முடிந்துவிடுவதால், நியூயார்க்கில் உள்நாட்டு விமானத்தில் வந்தவர்கள்போல நேரே பெட்டியை எடுக்கப் போய்விடலாம். அங்கே ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் பாம்பாக வளையும் வரிசையில், புது முழங்காலோடு இரண்டு மணி நேரம் நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். இதற்கும் ஒரு விலை உண்டு: அபுதாபியில் மறுபடி ஒரு பாதுகாப்புச் சோதனை, லவுஞ்சில் சாய்ந்திருக்க நேரம் குறைவு. கையில் இருக்கும் உணவையும் அங்கேயே அதிகாரியிடம் சொல்ல வேண்டும். மிளகாய்ப்பொடி தடவிய எட்டு இட்லிகளையும் வரிசைக்கு முன்பே தின்று முடித்தோம்.

நேரடி விமானம், ஏர் இந்தியா, டெல்டாவிலிருந்து வந்த அந்த 777. சுமார் 12,500 கிலோமீட்டர். வழியில் இறங்கி ஏறும் வேலை இல்லை, கதவை மூடினால் தாலாட்டுத்தான். ஏழு மணி நாற்பது நிமிடம் என் சொந்தக் கட்டிலில்கூட இப்போது வாய்ப்பதில்லை.

மே மாதம் பேத்தியின் அரங்கேற்றம். போக அபுதாபி, வர நேரடி என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு மட்டும் துபாய் வழியாகத் தனி டிக்கெட் போட முடியுமா என்றும் கேட்டிருக்கிறேன்.