ஏழு ஆண்டுகள், மூன்று கைபேசிகள்: ஒரு கிராம சுகாதார செவிலியரின் பயன்பாட்டு அனுபவம்

கர்ப்பிணிகளையும் பச்சிளங்குழந்தைகளையும் வீடு வீடாகச் சென்று பார்க்கும் கிராம சுகாதார செவிலியராக, நான் கைபேசிச் செயலியைப் பயன்படுத்தத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் மூன்று கைபேசிகள் மாறிவிட்டன; செயலியின் திரைகளும் பலமுறை மாறிவிட்டன. முதல் ஆறு மாதங்களில் இதை எழுதியிருந்தால் வேலைப்பளுவைப் பற்றிய புகாராகவே முடிந்திருக்கும். இன்று எனக்கு உறுதியாகத் தெரிவது, என் கைபேசியில் என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்பதைக் காட்டிலும், அதிலிருந்து நான் அழைக்கும்போது மறுமுனையில் எடுப்பவர் யார், எடுத்தவரால் என்ன செய்ய முடியும் என்பதில்தான் ஒரு தாயின் உயிர் தங்கியிருக்கிறது என்பதே.

செயலி நன்றாகச் செய்யும் வேலை கணக்கு. கடைசி மாதவிடாயின் முதல் நாளைப் பதிந்தால் அதிலிருந்து 280 நாள் கூட்டி எதிர்பார்க்கப்படும் பிரசவத் தேதியைத் தருகிறது. அதையொட்டிப் பரிசோதனை நாட்களையும் வகுத்துத் தருகிறது. கர்ப்ப காலத்தில் 4 முறை பார்த்தால் போதும் என்றிருந்ததை உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் குறைந்தது 8 முறை என்று உயர்த்தியது. முதல் சந்திப்பு 12 வாரத்துக்குள், பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40ஆம் வாரங்களில் என்ற அந்த வரிசையை, வெவ்வேறு மாதங்களில் இருக்கும் பல பெண்களுக்குப் பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிக் கணக்கிடுவது எவ்வளவு கடினம் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். இப்போது காலையில் திரையைத் திறந்தால், இன்று பார்க்க வேண்டியவர்களும், தவணை தவறியவர்களும் தனித்தனியாக வந்து நிற்கிறார்கள். தவறியவர்களின் பட்டியலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பரிசோதனைக்கு வந்துகொண்டிருப்பவர் எப்படியும் வந்துவிடுவார். திடீரென்று வராமல் போனவரின் வீட்டில்தான் பெரும்பாலும் ஏதோ ஒன்று நடந்திருக்கும்.

இரத்த அழுத்தம் பற்றிய எச்சரிக்கைக்கு வருகிறேன். இருபதாவது வாரத்துக்குப் பிறகு 140/90 அல்லது அதற்கு மேல் பதிந்தால் திரை மஞ்சளாகி, நான்கு மணி நேரம் கழித்து மீண்டும் அளக்கச் சொல்கிறது. 160/110ஐத் தொட்டால் சிவப்பாகிறது. செயலியைப் பயன்படுத்தத் தொடங்கிய முதல் ஆண்டில், எட்டாம் மாதத்தில் இருந்த ஒரு பெண், "சிஸ்டர், இரண்டு நாளாகத் தலைவலி விடவே இல்லை, கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது" என்றார். அளந்தேன், 168/112. திரை சிவந்தது. செயலியில் கொடுக்கப்பட்டிருந்த மருத்துவமனை எண்ணை அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அடுத்த எண் பணிமாற்றலாகிப் போன ஒருவருடையது. மூன்றாவது எண்ணில் பேசியவருக்கு அந்தப் பிரிவோடு தொடர்பே இல்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் இப்படியே கழிந்தது. நல்லவேளையாக அந்தப் பெண்ணும் குழந்தையும் பிழைத்தார்கள். ஆனால் சிவந்த திரையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

பின்னர் ஒரு சிறிய மாற்றம் வந்தது. தனிநபர்களின் எண்களுக்குப் பதிலாக, பிரசவ வார்டுக்கென்று ஒரே ஒரு கைபேசி வைக்கப்பட்டது. பணி முடித்துச் செல்பவர் அடுத்து வருபவரிடம் அதைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும். தொழில்நுட்பம் என்று பார்த்தால் இதில் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து அதேபோல் இன்னொரு பெண்ணுக்கு அழுத்தம் ஏறியபோது, இரண்டாவது மணியிலேயே மருத்துவர் எடுத்தார். மக்னீசியம் சல்பேட்டை இரு பக்க இடுப்புத் தசையிலும் 5 கிராம் வீதம் போட்டு அனுப்பச் சொன்னார். வண்டி வார்டுக்குப் போய்ச் சேரும்போது படுக்கையும் ஆட்களும் தயாராக இருந்தார்கள். மக்னீசியம் சல்பேட், இப்படி அழுத்தம் ஏறிய கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கிறது என்பது 2002ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்விலேயே உறுதியாகிவிட்டது. மருந்து பெட்டியில் முதல் முறையும் இருந்தது. போடலாம் என்று சொல்லும் பொறுப்பான குரல் மட்டும் அன்று இல்லை.

தாய்மார்கள் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணமாகின்றன என்று 1994இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகிய இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள்: மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போய்ச் சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். என் அனுபவத்தில் கைபேசி முதல் தாமதத்தை நன்றாகவே குறைக்கிறது. இரண்டாவதை, வண்டி இருக்கும் அளவுக்குத்தான் குறைக்கிறது. மூன்றாவதின் அருகில்கூட அதனால் தனியாகப் போக முடிவதில்லை. இந்தியா, பாகிஸ்தான், மொசாம்பிக் ஆகிய மூன்று நாடுகளில், களப்பணியாளர்கள் கைபேசிச் செயலியின் துணையோடு கர்ப்பகால இரத்த அழுத்தத்தைக் கண்டறிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும் பெரிய சோதனைகள் நடந்தன. 2020இல் வெளிவந்த அவற்றின் முடிவில், தாய்க்கும் சேய்க்கும் நேரும் மரணமும் கடும் பாதிப்பும் ஒட்டுமொத்தமாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்ததே தவிர, வியப்பாக இல்லை.

தாய்மார்களின் கைபேசிக்கு அனுப்பப்படும் செய்திகளைப் பற்றி எனக்கு நல்லதும் சொல்ல இருக்கிறது, கசப்பானதும் இருக்கிறது. குரல்செய்தி நல்லது, எழுத்துப் படிக்காதவர்களும் கேட்கிறார்கள், மாமியாரும் கூட உட்கார்ந்து கேட்கிறார். ஆனால் பதிவில் இருக்கும் எண் பெரும்பாலும் கணவருடையது. அவர் காலையில் வேலைக்குப் போகும்போது கைபேசியும் போய்விடுகிறது. ஒன்பதாம் மாத அபாய அறிகுறிகளைப் பற்றிய செய்தி, அவை யாருக்கு வரக்கூடுமோ அவரைத் தவிர மற்றவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. தான்சானியாவின் சான்சிபார் தீவுகளில் கர்ப்பிணிகளுக்குக் குறுஞ்செய்தியும், செவிலியரை அழைக்க ரீசார்ஜ் அட்டையும் கொடுத்து நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்றவரின் துணையோடு பிரசவித்தவர்கள், இவற்றைப் பெறாதவர்களில் 47 சதவீதமாகவும் பெற்றவர்களில் 60 சதவீதமாகவும் இருந்தார்கள். ஆனால் அந்த உயர்வு நகர்ப்புறப் பெண்களிடம்தான் காணப்பட்டது, கிராமப் பெண்களை அது எட்டவில்லை. ஆகவே நான் பதியும்போது "இது யாருடைய நம்பர், பகலில் யார் கையில் இருக்கும், சார்ஜ் எங்கே போடுவீர்கள்" என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒரு பெண்ணின் எண்ணையும் அவர்கள் சம்மதத்தோடு வாங்கிக்கொள்கிறேன்.

கசப்பான அனுபவம் ஒன்று. ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. நான் அந்தத் தகவலைப் பதிந்திருந்தும், செய்தி அனுப்பும் பகுதிக்கு அது போய்ச் சேரவில்லை. இரண்டு மாதம் கழித்து, குழந்தைக்குத் தாய்ப்பால் தொடங்கிவிட்டீர்களா என்று விசாரிக்கும் குரல்செய்தி அவருக்குப் போயிருக்கிறது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கைபேசியை என் கையில் கொடுத்து, "இதை நிறுத்திக் கொடுங்கள்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எந்த இழப்பைப் பதிந்தாலும், மேலாளரிடம் பேசிச் செய்தி நின்றுவிட்டதை உறுதிசெய்துகொள்ளாமல் நான் அந்த நாளை முடிப்பதில்லை. இத்தகைய செயலியை உருவாக்குபவர்கள் வேறு எதைப் பிறகு சேர்த்தாலும், இழப்பைப் பதிந்தவுடன் எல்லாச் செய்திகளும் நிற்கும் வசதியை முதல் நாளே வைக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பச்சிளங்குழந்தைக்கு இந்தக் கருவி செய்த பெரிய உதவி, மூச்சை எண்ணுவது. குழந்தை மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் திரையைத் தொட்டால், ஒரு நிமிடம் முடிந்தவுடன் அது எண்ணிக்கையைச் சொல்லும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடியும் எண்ண வேண்டும். மறுபடியும் அப்படியே இருந்தால் அது வேகமான மூச்சு. கைக்கடிகாரத்தைப் பார்ப்பதா, குழந்தையின் வயிற்றைப் பார்ப்பதா என்ற பழைய தடுமாற்றம் இதனால் நீங்கியது. ஆனாலும் குழந்தை அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக்கூடாது என்பதைச் செயலி சொல்வதில்லை. அது செவிலியரின் பயிற்சியில் இருக்க வேண்டும். பால் குடிக்க மறுப்பது, மார்பு உள்வாங்குவது, உடல் சில்லிட்டுப்போவது அல்லது 37.5 பாகை செல்சியசுக்கு மேல் சுடுவது, வலிப்பு ஆகியவற்றுக்கான கேள்விகள் வரிசையாக வருவதால் களைப்பான நாளிலும் எதுவும் விட்டுப்போவதில்லை. எடை 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளின் வீடுகளுக்குக் கூடுதல் வருகைகளைத் தானே குறித்துக்கொடுக்கிறது. தாயின் நெஞ்சோடு தோல்பட அணைத்து வைத்திருப்பதைக் காட்டும் சிறு காணொளியை அங்கேயே போட்டுக் காட்டினால், நான் பத்து நிமிடம் பேசுவதைவிட அது நன்றாகப் புரிகிறது.

சிக்னல் இல்லாத இடங்களில் பதிந்து, கிடைக்கும் இடத்தில் அனுப்பும் வசதி இல்லாத செயலியை ஏற்கவே கூடாது. பேட்டரி இரண்டாம் ஆண்டிலேயே தளர்ந்துவிடும். பவர் பேங்க் ஒன்றைக் கைபேசியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் மனத்தாங்கல் தந்தது இரட்டைப் பதிவு. செயலியில் ஏற்றிய அதே விவரத்தைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும் என்ற விதி நான்கு ஆண்டுகள் நீடித்தது. இதனால் பல வீடுகளில் நான் தாயின் முகத்தைப் பார்க்காமல் திரையையும் தாளையும் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டிருக்கிறேன். வீங்கிய முகத்தைக் கேள்விப்பட்டியல் கேட்பதற்கு முன்பே கண் கண்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்குள் போனால் முதல் ஐந்து நிமிடம் கைபேசியைப் பையைவிட்டு எடுப்பதில்லை. இன்னொன்று, ஜி.பி.எஸ். மூலம் நான் எத்தனை வீட்டுக்குப் போனேன் என்று எண்ணுகிறார்கள். நான் அனுப்பிய சிவப்பு எச்சரிக்கைகளுக்கு எத்தனை நிமிடத்தில் பதில் வந்தது என்பதையும் அதே அக்கறையோடு எண்ண வேண்டும் என்று கூட்டம்தோறும் கேட்டு வருகிறேன்.

"மின்னணு வழிமுறைகள் இயங்கும் சுகாதார அமைப்புக்கு மாற்றாகாது" என்ற கருத்தை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே கூறியிருக்கிறது. புதிதாக இந்தப் பணிக்கு வரும் செவிலியர்கள் எந்தச் செயலி நல்லது என்று என்னிடம் கேட்கிறார்கள். அதில் இருக்கும் அவசர எண்ணை இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். நானும் மூன்றாவது கைபேசி வந்ததிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும், முதல் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன், பிரசவ வார்டின் எண்ணை அழைத்து, எடுப்பவரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.