கர்ப்பப்பை புற்றுநோய் அறுவைக்குப் பிறகு: மதுரையில் நான் பெற்ற மறுவாழ்வு சிகிச்சை

கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று உறுதியாகி, அதை அகற்றிக்கொண்டு வீடு திரும்பும் பெண்ணின் கையில் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளின் பட்டியலும், மறுபடி வர வேண்டிய தேதியும், ‘கனமான பொருள்களைத் தூக்க வேண்டாம்’ என்ற ஒற்றை வரியும் இருக்கும். அதற்கு மேல் உடம்பையும் மனத்தையும் தேற்றிக்கொள்வது பெரும்பாலும் அவள் பாடு என்றே விடப்படுகிறது. பெண்களுக்கான பிசியோதெரபியையும் மனநல ஆலோசனையையும் ஒரே கூரையின் கீழ் தருகிற ஒரு சிறிய தனியார் மையத்தில் சில மாதங்கள் சிகிச்சை பெற்றவள் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இப்படியொரு சேவை இருக்கிறது என்பதும், அதில் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்தால், அவரவர் ஊரில் தேடிக்கொள்ள முடியும்.

எனக்கு வந்தது கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோய். எச்பிவி வைரஸால் வரும் கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து இது வேறுபட்டது. உடல் பருமன், சர்க்கரை நோய், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் மிகுதி ஆகியவற்றோடு தொடர்புடையது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கே இது அதிகம் வரும் என்றாலும் எனக்கு 49 வயதில், மாதவிலக்கு நிற்பதற்கு முன்பே வந்தது. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் கருப்பை, கருப்பை வாய், இரண்டு கருக்குழாய்கள், இரண்டு சினைப்பைகள், இடுப்பின் இருபுறமும் இருந்த நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றை அகற்றினார்கள்; பிறகு பிராக்கிதெரபி எனப்படும் உள்கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இவ்வளவையும் வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அகற்றப்பட்ட ஒவ்வொன்றும் உடம்பில் தனித்தனியே ஒரு விளைவை விட்டுச் செல்கிறது. ‘ஆபரேஷன் ஆன உடம்பு’ என்று மொத்தமாகப் பார்க்காமல், எது எதனால் வருகிறது என்று பிரித்துப் பார்த்ததுதான் இந்த மையத்தின் முதல் சிறப்பு.

முதல் நாளில் எந்தப் பயிற்சியும் தரவில்லை. அறுவைக் குறிப்பையும் பயாப்சி அறிக்கையையும் வாங்கிப் படித்துவிட்டு, அறுவை செய்த மருத்துவரின் அனுமதிக் கடிதம் இல்லாமல் தொடங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் கேட்ட கேள்விகள், அதுவரை யாரும் என்னிடம் கேட்காதவை. தும்மும்போது சிறுநீர் கசிகிறதா, மலம் கழிக்க முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை முறை வியர்த்து விழிக்கிறீர்கள், வெள்ளைப்படுதலில் நாற்றமோ இரத்தமோ உண்டா, காலில் பாரம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வெட்கப்பட்டுத் தயங்கினால் அவசரப்படுத்தவில்லை.

அன்றாட அசைவுகளைத் திருத்துவதில்தான் தொடங்கினார்கள். படுக்கையிலிருந்து நேராக எழாமல், முழங்காலை மடக்கி ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். அறுவைக்குப் பின் எல்லோரும் இறுக்கிக் கட்டிவிடும் வயிற்று பெல்ட்டை நடக்கும் நேரத்தில் மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நாள் முழுவதும் கட்டியிருந்தால் வயிற்றுத் தசை தன் வேலையை மறந்துவிடும் என்பது அவர்கள் கருத்து. குறைந்தது ஆறு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது என்பதை, கருப்பை வாய் இருந்த இடத்தில் உள்ளே போடப்பட்டுள்ள தையலைப் படம் வரைந்து காட்டி விளக்கினார்கள். வெளியே தெரியும் துளைகள் சீக்கிரம் ஆறிவிடுவதால் உள்ளேயும் ஆறிவிட்டதாக வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என் மாமியாரிடம் காட்டிய பிறகு, தோசை மாவு ஆட்டுவது பற்றிய பேச்சே எழவில்லை.

சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கெகல் பயிற்சி என்று யூடியூபில் ஏராளமான காணொளிகள் உண்டு. ஆனால் எந்தத் தசையை இறுக்குகிறோம் என்று தெரியாமல் வயிற்றையும் தொடையையும் இறுக்கிக்கொண்டிருந்தால் பயனில்லை. இங்கே சரியான தசை சுருங்குவதை உணர வைத்த பிறகுதான் அடுத்த நிலைக்குப் போனார்கள். “அம்மா, மூச்சைப் பிடிக்காதீங்க. எங்கூடப் பேசிக்கிட்டே இறுக்குங்க, பேச்சு நின்னா மூச்சும் நின்னு போச்சுன்னு அர்த்தம்” என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன உத்தி அவ்வளவு எளிமையானது. நான் அவரிடம் அன்று காலை வைத்த குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே பயிற்சி செய்தேன். இறுக்குவதற்கு இணையாகத் தளர்த்தவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை அவர்தான் புரியவைத்தார். பேருந்தில் ஏறி இறங்கும்போது இருந்த சிறுநீர்க் கசிவு படிப்படியாகக் குறைந்து நின்றது.

நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கு, நிணநீர் வடியாமல் தேங்கிக் காலில் வீக்கம் வரலாம். அறுவை முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் வரலாம். எனக்கு இடது காலில் மெட்டி இறுகி, விரலைச் சுற்றிப் பள்ளம் விழுந்தபோதுதான் தெரிந்தது. அன்று மையம் நடந்துகொண்ட விதமே அவர்கள்மீது எனக்கு முழு நம்பிக்கையை ஏற்படுத்தியது. கால்மீது கை வைக்கும் முன்பே, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்கள். புற்றுநோய் அறுவைக்குப் பின் காலின் ஆழத்தில் உள்ள இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைவதும் வீக்கமாகவே தெரியும் என்பதாலும், அது உயிருக்கு ஆபத்தானது என்பதாலும், அது இல்லை என்று உறுதியான பிறகே தொடங்கினார்கள். டேப்பால் கணுக்காலிலிருந்து தொடை வரை குறித்த இடங்களில் சுற்றளவை அளந்து எழுதி, மெல்லத் தோலை நகர்த்தும் மசாஜ், பல அடுக்குக் கட்டு, பிறகு அளவெடுத்து வாங்கிய அழுத்த ஸ்டாக்கிங்ஸ் என்று முறையாகக் கொண்டுபோனார்கள். மதுரை வெயிலில் தொடை வரை ஸ்டாக்கிங்ஸ் அணிவது பெரும் சோதனைதான். காலை எழுந்ததும், கால் வீங்கும் முன்பே, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஏற்றினால் எளிதாக இருக்கும் என்ற அவர்களது யோசனை எனக்கு உதவியது. வெறுங்காலில் நடக்கக் கூடாது, விரலிடுக்கில் சேற்றுப்புண்ணை வளரவிடக் கூடாது, கால் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும் என்பவற்றையும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

உள்கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு யோனிப் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்க டைலேட்டர் என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். தாம்பத்தியத்துக்காக மட்டுமன்று, பின்னாளில் மருத்துவர் உள்ளே பரிசோதிப்பதற்கும் பாதை திறந்திருக்க வேண்டும் என்று சொன்னபோது என் கூச்சம் பாதி விலகியது. எப்போது தொடங்கலாம் என்பதைக் கதிர்வீச்சு மருத்துவரிடம் கேட்டு, வழவழப்பூட்டும் ஜெல்லோடு எப்படிப் பயன்படுத்துவது என்பதை மாதிரி உருவத்தில் செய்து காட்டினார்கள். என் கணவரையும் ஒருநாள் அழைத்துப் பேசினார்கள். புற்றுநோய் தொற்றாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் தொட்டால் எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து அவர் ஹாலில் படுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

மனத்தைப் பற்றிய பகுதியில் இந்த மையம் செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் “பிள்ளைங்கள பெத்து வளர்த்தாச்சு, இனி அந்தப் பை இருந்தா என்ன, போனா என்ன” என்றே சொன்னார்கள். ஆறுதலாகச் சொன்னதுதான், ஆனால் அதைக் கேட்ட பிறகு அழவும் முடியாமல் போனது. அங்கிருந்த உளவியல் ஆலோசகர் ‘தைரியமாக இருங்கள்’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. என் இரண்டு பிள்ளைகளையும் சுமந்த இடம் அது என்று நான் சொன்னபோது, பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். சினைப்பைகளையும் எடுத்துவிட்டதால், மாதவிலக்கு நிற்கும் காலத்து ஹார்மோன் மாற்றம் மெல்ல வராமல் ஒரேயடியாக வந்துவிட்டது. உடம்பு திடீரெனக் கொதிப்பது, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை என் குணக்கேடு அல்ல, ஹார்மோன் இல்லாமல் போனதன் விளைவு என்று விளக்கினார். பிள்ளைகளிடம் கத்திவிட்டு இரவெல்லாம் குமைந்துகொண்டிருந்த எனக்கு அந்த ஒரு விளக்கம் மாத்திரையைவிடப் பெரிதாக இருந்தது. பரிசோதனைத் தேதி நெருங்கும்போது வரும் பயத்துக்கு மூச்சுப் பயிற்சியும், மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிவைக்கும் பழக்கமும் சொல்லிக்கொடுத்தார். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சில மாதங்களுக்கொரு முறை இந்தப் பரிசோதனை வரும் என்பதால், இது சிறிய உதவி அல்ல.

குறைகள் உண்டு. அவற்றில் ஒன்று உண்மையிலேயே என்னை வருத்தியது. பயிற்சி அறையில் இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு துணித் திரைதான் இருக்கிறது. சிறுநீர்க் கசிவைப் பற்றியும் தாம்பத்தியத்தைப் பற்றியும் பேச வேண்டிய இடத்தில், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் இருமல்கூடக் கேட்கிறது என்றால் எத்தனை பெண்கள் வாய் திறப்பார்கள்? ஆலோசகரின் அறைக்குக் கதவு இருக்கிறது, ஆனால் அவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளின் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே அச்சாகியிருக்கிறது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வரும் அம்மாமார்கள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். மாலை நேரம் கிடையாது என்பதால் வேலைக்குப் போகும் பெண்கள் விடுப்பு எடுத்துத்தான் வர முடியும். உடல் எடையைப் பற்றி அவர்கள் போதிய கவனம் செலுத்தவில்லை என்பதும் என் எண்ணம். இந்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்குப் பின்னாளில் இதய நோயே பெரிய அச்சுறுத்தலாக இருப்பதால், உணவு ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டியது அவசியம்.

ஓர் அமர்வுக்கு 600 ரூபாய் வாங்கினார்கள். ஸ்டாக்கிங்ஸ், கட்டுத் துணி, டைலேட்டர் ஆகியவற்றுக்குத் தனிச் செலவு. அடிக்கடி போக முடியாதவர்கள், ஒவ்வொரு முறையும் அடுத்த மூன்று வாரங்களுக்கான பயிற்சியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் தருகிறார்கள், அவர்களாகச் சொல்வதில்லை. கசிவோ கால்பாரமோ வந்த பிறகு போவதைவிட, அறுவைக்குத் தேதி குறித்தவுடனேயே ஒருமுறை போய்க் காலின் சுற்றளவை அளந்து பதிந்துவைத்துக்கொள்வது நல்லது. பிறகு வீக்கம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் வேண்டும். போகும்போது அறுவைக் குறிப்பு, பயாப்சி அறிக்கை, கதிர்வீச்சு பெற்றிருந்தால் அதன் விவரம், உண்ணும் மாத்திரைகளின் சீட்டு ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். பேச்சை மறைக்கும் தனி அறை வேண்டுமென்றால், ஆலோசகர் வராத நாளில் அவர் அறையை ஒதுக்கித் தருமாறு முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள்.