சர்க்கரைக்காரியும் ஷேக் டப்பாவும்: 14 மாத அனுபவம்

கும்பகோணத்திலிருந்து மொரீஷியஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 20 வருடம் ஆகிறது. சர்க்கரை வந்து எட்டு வருடம். காலையில் மெட்ஃபார்மினோடு, இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் கிளிக்லசைடு மாத்திரையும் உண்டு. எடை 84 கிலோவைத் தொட்டபோது, சொந்தக்காரப் பெண் ஒருத்தி ஷேக் டப்பாவை, அதாவது சாப்பாட்டுக்குப் பதிலாகக் கலக்கிக் குடிக்கும் சத்துப் பொடியை, கொண்டுவந்து தந்தாள். "ரெண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலா இதைக் குடிங்க அக்கா, ஒரே மாசத்துல தெரியும்" என்றாள்.

ஆறாம் நாளே தெரிந்துவிட்டது. ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயிக்கு மெட்ரோவில் போகும்போது கழுத்தெல்லாம் வியர்த்து, கை வெடவெடவென்று நடுங்கியது. மீட்டரில் குத்திப் பார்த்தால் 3.1. நம் ஊர்க் கணக்கில் 56. எதிரில் இருந்த கிரியோல் பாட்டி பையைத் துழாவி இரண்டு மிட்டாய் கொடுத்தார். சாப்பாட்டைக் குறைத்தேன், கிளிக்லசைடைக் குறைக்கவில்லை. அதுதான் காரணம். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம். கிளிக்லசைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது.

2017-இல் வெளியான பிரிட்டனின் டைரெக்ட் ஆய்வைப் பற்றிச் சொல்லி என் மருத்துவர் திட்டினார். அதில் மூன்று முதல் ஐந்து மாதம் ஷேக், சூப்போடு இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருட முடிவில் மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. ஆனால் அங்கே சர்க்கரை மாத்திரையை முதல் நாளே நிறுத்திவிட்டுத்தான் தொடங்கினார்களாம். இன்சுலின் போடுபவர்களைச் சேர்க்கவே இல்லை. டப்பா விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள்!

அப்புறம்தான் லேபிள் படிக்கக் கற்றேன். முன்பக்கம் 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று பிரெஞ்சில் கொட்டை எழுத்து. பின்பக்கப் பட்டியலில் இரண்டாவதாகவே மால்டோடெக்ஸ்ட்ரின், மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி. பெயரில்தான் சர்க்கரை இல்லை, ரத்தத்தில் சர்க்கரையைவிட மெதுவாக ஏறுவதில்லை. அந்த ஷேக்கைப் பாலில் கலக்கி ஒரு வாழைப்பழமும் அடித்துக் குடித்த அன்று, ஒன்றரை மணி நேரத்தில் 11.8 (நம் ஊர்க் கணக்கில் 212). மாவுச்சத்து குறைந்து புரதமும் நார்ச்சத்தும் கூடிய வேறொன்றைத் தண்ணீரில் கலக்கியபோது 8.4-ஐ (151) தாண்டவில்லை. சுவை? சுண்ணாம்புத் தண்ணீரில் வெனிலா விட்டது போல. புரதம் கூடுகிறதே என்று, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகுதான் மருத்துவர் சரி என்றார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதில் அவசரப்பட வேண்டாம்.

கிளிக்லசைடைப் பாதியாக்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் மட்டும் ஷேக் என்று எட்டு மாதம் ஓட்டினேன். எடை 77. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 8.2 சதவீதத்திலிருந்து 7.1. மலச்சிக்கல் படுத்தியது. மாலை நாலு மணிக்குத் தெருமுனையில் காத்தோ பிமா (இந்த ஊர் மிளகாய் வடை) பொரியும் வாசனை அதைவிடப் படுத்தியது. மாமியார் தினமும் ஒரு கேள்வி: "கஞ்சியக் குடிச்சு யாராவது இளைச்சிருக்காங்களா?"

நடுவில் இரண்டு மாதம் விட்டதில் இரண்டு கிலோ திரும்பி வந்தது. இப்போது வாரத்தில் நாலு நாள் இரவு மட்டும்தான். காவடி மாதத்தில் டப்பா அலமாரிக்குள் போய்விடும். வாழை இலையில் ஏழு கறியைப் பார்த்துவிட்டு வெனிலா குடிக்க என்னால் ஆகாது. சோற்றை மட்டும் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறேன்.