மூன்று விலை எழுதிக் கொடுத்த இன்வெர்ட்டர் கடை

மதுரை அண்ணாநகரில் இருக்கும் இந்த இன்வெர்ட்டர் பேட்டரிக் கடைக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார்.

உள்ளே நுழைந்ததுமே "எந்தக் கம்பெனி வேணும்?" என்று கேட்கிற கடைகள் எனக்கு அலுத்துவிட்டன. இந்தக் கடைக்காரர் கேட்டது வேறு. "கரண்ட் போனா வீட்ல என்னென்ன ஓடணும்க்கா?" ரெண்டு ஃபேன், நாலு எல்இடி பல்பு என்றேன். பில் புத்தகத்தைத் திருப்பிப் போட்டுக் கணக்கெழுதினார். ஃபேன் 75 வாட் வீதம் 150, நாலு பல்பும் சேர்ந்து 40, ஆக 190 வாட். 150 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், அதாவது கொள்ளளவு) பேட்டரியில் சுமாராக அஞ்சாறு மணி நேரம் தாங்குமாம். வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டரே போதும், மாற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அதற்குக் கீழே மூன்று விலை. தண்ணி ஊற்றிப் பராமரிக்கிற பேட்டரியில் குட்டையான ஷார்ட் ட்யூபுலர், உயரமான டால் ட்யூபுலர், அப்புறம் லித்தியம். டால் ட்யூபுலருக்கு "36+24" என்று போட்டிருந்தது. அதை மொத்தமாக அஞ்சு வருஷ வாரண்டி என்று சொல்லி விற்பவர்கள்தான் அதிகம். இவரோ, முதல் 36 மாசத்தில் கெட்டுப்போனால் புதுசு, அதற்குப் பிறகு விலையில் தள்ளுபடி மட்டும்தான் என்று பிரித்துச் சொன்னார். லித்தியத்துக்குத் தண்ணி ஊற்றுகிற வேலையே இல்லை, ஆனால் விலை இருமடங்குக்கு மேல். கட்டுகிற வீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்காய் போல, நடுவில் இருப்பது விற்கட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வியாபாரம்தானே, இருக்கட்டும்.

என் மனசு சாய்ந்தது அதற்கப்புறம் அவர் சொன்னதில்தான். "ஃபேனை பிஎல்டிசிக்கு, அதான் கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் ஃபேனுக்கு, மாத்துனா ஒண்ணு 30 வாட்தான்க்கா இழுக்கும். இதே பேட்டரி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நேரம் ஓடும். நான் ஃபேன் விக்கிறதில்ல, நீங்க வெளியே வாங்கிக்குங்க." தனக்கு ஒரு பைசா வராத வழியையும் சேர்த்துச் சொன்ன மனுஷனிடம் அதற்கு மேல் என்ன பேரம் பேசுவது? நடுவில் இருந்ததையே எடுத்தேன். பழைய பேட்டரிக்கும் கழித்துக்கொண்டார்.

ஒரு ஸ்டாரைக் குறைத்ததற்குக் காரணம், பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் வைக்கிற டிராலி. பேட்டரியை மாட்ட வந்த பையன் அதற்குத் தனியாகக் காசு கேட்டான். எழுதிக் கொடுத்த மூன்று விலையிலும் அது இல்லை. போகிறவர்கள் டிராலி, டிஸ்டில்டு வாட்டர், மாட்டுக்கூலி எல்லாவற்றையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.