பவளத்தின் நிறம்: ஊட்டத்தை ஒட்ட வடிப்பதா, ஊட்டி வெளியேற்றுவதா?

ஊதா நிறத்தில் வாங்கி வந்த அக்ரோபோரா என்னும் கிளைப்பவளம் சில வாரங்களில் பழுப்பேறிவிட்டால், கடல்நீர்த் தொட்டி வளர்ப்போருக்கு இரண்டு வகையான யோசனைகள் வந்து சேரும். தண்ணீரிலுள்ள ஊட்டங்களான நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஏறக்குறையச் சுழியத்துக்கு இறக்கிவிட வேண்டும் என்பது ஒன்று. மீன்களுக்குத் தாராளமாக உணவிட்டு, கழிவையும் அதே வேகத்தில் வெளியேற்றி, அவ்விரண்டையும் குறைவான, ஆனால் அளந்தால் தெரியக்கூடிய மட்டத்தில் நிலையாக வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டு வழிகளிலும் கண்ணைப் பறிக்கும் தொட்டிகள் உருவாகியிருக்கின்றன. ஆனால் ஒரு பிழை நேர்ந்தால் அதைத் திருத்த இவை தரும் அவகாசம் ஒன்றல்ல. நான் இரண்டாவது வழியைப் பரிந்துரைப்பதற்கு அதுவே முதன்மையான காரணம்.

பவளத்தின் நிறம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. அதன் திசுவுக்குள், சதுர சென்டிமீட்டருக்குப் பல லட்சம் என்ற கணக்கில் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் ஒற்றைச் செல் பாசிகளின் பச்சையமும் பெரிடினின் என்ற நிறமியும் பழுப்பைத் தருகின்றன. பச்சை, சிவப்பு, ஊதா, நீலம் போன்றவை பவளமே தயாரிக்கும் புரதங்களால் வருபவை. 1962இல் ஒசாமு ஷிமோமுரா ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதத்தின் உறவினங்கள்தாம் இவை. இவற்றில் சில நீல ஒளியை வாங்கி வேறு நிறத்தில் ஒளிரும். சில ஒளிராமல் வெறும் சாயமாக மட்டும் நிற்கும். பாசி பெருகினால் பழுப்பு மற்றவற்றை மூடிவிடும். ஆகவே, பவளம் பட்டினி கிடக்காத அளவுக்குப் பாசியைக் கட்டுப்படுத்துவதும், பவளம் தன் புரதங்களைத் தயாரிக்கும்படி தூண்டுவதும் என இரண்டு வேலைகள் இருக்கின்றன. முன்னது பெரும்பாலும் ஊட்டத்தைப் பொறுத்தது, பின்னது பெரும்பாலும் ஒளியைப் பொறுத்தது.

ஒட்ட வடிக்கும் முறையில், வோட்கா அல்லது வினிகர் போன்ற கரிமப் பொருளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பாக்டீரியாவைப் பெருக்குகிறார்கள். அது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உண்டு வளர, புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற நுரைவடிப்புக் கருவி அதை நுரையோடு வெளியேற்றுகிறது. ஜெர்மனியின் கோரல்லன்-சுக்ட் நிறுவனத்தின் ஜியோவிட் முறை இதனுடன் ஜியோலைட் கற்களையும் பயன்படுத்துகிறது. பாசி குறைந்த திசு கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுவதால் இளநீலமும் இளஞ்சிவப்பும் மென்மையாக மலர்கின்றன. அந்த அழகை வேறு எந்த வழியும் அவ்வளவு எளிதில் தருவதில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அதற்கான விலை கூடுதல். தண்ணீரில் உணவே இல்லாத நிலையில் அமினோ அமிலங்களையும் நுண்ணிய உணவுகளையும் நாமே அளந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. காரத்தன்மையைக் கடல்நீரின் அளவான 7 டிகேஎச்சை (காரத்தன்மையை அளக்கும் அலகு) ஒட்டியே வைக்க வேண்டும். 9, 10 என்று ஏறினால் கிளைகளின் நுனி கருகத் தொடங்கும். கருகிய நுனியை அருகில் பார்த்தால், வளர வேண்டிய முனையில் திசு பின்வாங்கி வெள்ளை எலும்பு மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். சில நாட்களில் அதன்மேல் பச்சைப் பாசிப் படலம் படர்ந்துவிடும். பாஸ்பேட் உண்மையிலேயே தீர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் பற்றாமல் போகும்போது பவளங்கள் வெப்பத்துக்கும் ஒளிக்கும் எளிதில் வெளுத்துவிடுகின்றன என்பதை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் குழு 2013இல் வெளியான கட்டுரையில் காட்டியது. போதாக்குறைக்கு, இரண்டும் சுழியமான தொட்டியில்தான் டைனோஃப்ளாஜெல்லேட்டுகள் என்னும் தொல்லைதரும் நுண்ணுயிர்கள் தலைதூக்குகின்றன. மணலின்மேல் குமிழிகள் சிக்கிய பழுப்புச் சளி இழைகளாகப் பரவும் இவற்றை ஒழிக்கப் பல மாதங்கள்கூட ஆகலாம்.

ஊட்டி வெளியேற்றும் முறையில் வேலை எளிது. மீன்கள் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியத்தைப் பவளமும் அதன் பாசியும் நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. மீதம் ஸ்கிம்மருக்கும், பாசி வளர்க்கும் அறைக்கும், தண்ணீர் மாற்றத்துக்கும் போகிறது. நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற வரம்பில் நின்றால் பெரும்பாலான அக்ரோபோரா, மான்டிபோரா வகைகள் அடர்ந்த, நிறைவான நிறத்தைக் காட்டுகின்றன. இந்த முறையிலும் குறை உண்டு. வெளியேற்றம் பின்தங்கினால் கண்ணாடியில் பாசி விரைந்து படியும், பவளம் கருமையேறும். ஆயினும் இந்தச் சரிவு வாரக்கணக்கில் மெதுவாக நிகழ்வதால் சோதனைக் கருவி முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறது. அப்போது பதற்றத்தில் பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு ஊடகத்தை நிறையப் போட்டுப் பாஸ்பேட்டை ஒரே நாளில் வீழ்த்துவதுதான் உண்மையான ஆபத்து. சிறிதளவு போட்டுப் படிப்படியாக இறக்க வேண்டும்.

ஊட்டம் சரியாக இருந்தும் நிறம் வரவில்லையென்றால் ஒளியைப் பார்க்க வேண்டும். டி5 குழல் விளக்குகள் நீண்ட பரப்பிலிருந்து ஒளியைப் பரப்புவதால் கிளைகளின் இடுக்குகளிலும் அடிப்பகுதியிலும் நிழல் குறைகிறது, பவளம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நிறமேறுகிறது. எல்இடி சிறிய புள்ளிகளிலிருந்து பாய்வதால் மேற்புறம் மின்ன, கீழ்ப்புறம் பழுப்பாகவோ வெளிறியோ நிற்பதைப் பல தொட்டிகளில் காணலாம். மறுபுறம், குழல்களை ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் மாற்ற வேண்டும்; எல்இடியில் அந்தத் தொல்லை இல்லை, ஊதாவையும் நீலத்தையும் விரும்பியபடி கூட்டிக் குறைக்கலாம். கிளைப்பவளங்களுக்கு முதலிடம் தருபவர் இரண்டையும் கலந்து பொருத்துவது நல்லது. பெரிய சதைப்பற்றுள்ள பவளங்களை மட்டும் வளர்ப்பவருக்கு எல்இடியே போதும். அவற்றுக்கு, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியைக் குறிக்கும் பார் (PAR) அளவில் 50 முதல் 150 வரை வேண்டும், அக்ரோபோராவுக்கோ 200 முதல் 350 வரை தேவை.

நிறத்தை முழு நீல ஒளியில் மதிப்பிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீலத்தில் ஒளிரும் பச்சை எரிவது போலத் தெரியும். ஒளிராத இளஞ்சிவப்போ தன் சாயலை இழந்து மங்கிவிடும். இரண்டு முறைகளையும் ஒப்பிட விரும்புபவர் வெண்ணிற ஒளியில், ஒரே கோணத்தில் எடுத்த படங்களை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

நிறம் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் அயோடின், இரும்பு, பொட்டாசியம் கரைசல்களை, தண்ணீரைச் சோதித்து அவற்றில் எது குறைகிறது என்று அறியாமல் சேர்க்க வேண்டியதில்லை.

ஒட்ட வடிக்கும் முறையிலிருந்து மாறுபவர் தம் பவளம் வெளிறியிருந்தால் முதலில் விளக்கின் வலிமையைக் குறைக்க வேண்டும். பாசி குறைந்த திசு வலுவான ஒளியைத் தாங்காது. பிறகு மீன் உணவை மெல்லக் கூட்டி, கரிமப் பொருளைப் படிப்படியாக நிறுத்தி, பாஸ்பேட் அளந்தால் தெரியும்வரை பொறுத்திருக்க வேண்டும். முதலில் சற்றே பழுப்பு ஏறும். அதைக் கண்டு மீண்டும் ஊட்டத்தை வெட்டாமல், ஒளியைச் சில வாரங்களில் பழைய அளவுக்கு உயர்த்தினால், புதிதாக வளரும் நுனிகளிலிருந்து நிறம் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கும்.