20 செல்லுக்குள் ஒரு கான்செர்டோ: ஆர்பிட் ரீடர் 20 இசைக்கு எவ்வளவு தூரம் வரும்?

பிரெயில் டிஸ்ப்ளே, அதாவது கோப்பில் உள்ளதை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் சாதனம், வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் புத்தகம் படிக்கத்தான் வாங்குகிறார்கள். அந்த வேலைக்கு ஆர்பிட் ரீடர் 20 என்கிற டிஸ்ப்ளே போதுமா என்பது இங்கே கேள்வி இல்லை. ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் தனிக் கலைஞராக உட்கார்ந்து, அரைமணி நேரக் கான்செர்டோவை முழுக்க நினைவிலிருந்து வாசிக்க வேண்டிய பார்வையற்ற கலைஞருக்கு இது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதே கேள்வி. வயலின், செல்லோ, புல்லாங்குழல், வாய்ப்பாட்டு என்றால் தாராளமாக வாங்கலாம். பியானோவுக்கும் வாங்கலாம், ஆனால் கோப்பைத் தயார் செய்யும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

சாதனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வரி, 20 செல் (ஒரு செல் என்பது ஒரு பிரெயில் குறிக்கான புள்ளிக் கட்டம்), ஒவ்வொன்றிலும் 8 புள்ளி. புள்ளிக்கு ஒரு விசையாக பெர்கின்ஸ் பாணி விசைகள், நடுவில் அம்புக்குறி விசைகள், இரு ஓரங்களிலும் முன்னே பின்னே நகர்த்தும் பொத்தான்கள். எஸ்டி கார்டிலிருந்து தானாகவே படிக்கும். யூஎஸ்பி, புளூடூத் வழியாகக் கணினியிலும் போனிலும் இணையும். மற்ற டிஸ்ப்ளேக்கள் பலவற்றில் இருக்கும் பைசோ தொழில்நுட்பம் (மின்சாரம் கொடுத்தால் வளையும் படிகத்தால் புள்ளியைத் தூக்குவது) இதில் இல்லை, அதனால்தான் விலை குறைவு. புள்ளிகள் நன்றாக விறைப்பாக நிற்கும், அழுத்தினால் அமுங்காது. மணிக்கணக்கில் ஒரே பாரை, அதாவது தாளக் கணக்கில் பிரித்த ஒரே இசைத் துண்டைத் தடவித் தடவிப் பார்ப்பவருக்கு இது பெரிய வசதி.

காதால் கேட்டே கற்றுக்கொள்ளலாமே, பிரெயில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டே கற்று உச்சிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். 2009 வான் கிளைபர்ன் போட்டியில் தங்கப்பதக்கத்தைப் பகிர்ந்துகொண்ட ஜப்பானியப் பியானோ கலைஞர் நொபுயுகி ட்சுஜீ, இடக்கை தனியாகவும் வலக்கை தனியாகவும் பதிவு செய்யச் சொல்லி அதைக் கேட்டுப் படைப்புகளைக் கற்கிறார். இளவயதிலேயே பார்வை இழந்த ஜெர்மன் ஆர்கன் கலைஞர் ஹெல்முட் வால்கா, பல குரல்கள் பின்னிப் போகும் பாக்கின் ஃபியூக்குகளில் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே பிறர் வாசிக்கக் கேட்டு மனதில் ஏற்றினார். ஆனால் இந்த முறைக்குக் கூடவே ஒரு நல்ல உதவியாளர் வேண்டும். அதோடு, பதிவில் வருவது இன்னொருவரின் வாசிப்பு. ஸ்லர் (நோட்டுகளைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு) எங்கே முடிகிறது, அந்த அழுத்தம் அச்சில் இருக்கிறதா அல்லது வாசித்தவரே போட்டுக்கொண்டதா, பதிப்பாசிரியர் எந்த விரல் எண் கொடுத்திருக்கிறார் என்பதெல்லாம் காதுக்குத் தெரியாது. ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் ‘மூன்றாவது பாரில் அது ஸ்டக்காட்டோ (வெட்டி வாசிப்பது) இல்லையே’ என்று கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்க வேண்டும் என்றால் பிரெயில்தான் வழி.

லூயி பிரெயிலே ஆர்கன் வாசித்தவர். 1829இல் அவர் வெளியிட்ட முறையிலேயே இசையும் இருந்தது. ஆறு புள்ளிச் செல்லில் மேல் நான்கு புள்ளிகள் சுரத்தைச் சொல்லும், கீழ் இரண்டும், அதாவது 3, 6, கால அளவைச் சொல்லும். இரண்டும் இல்லாவிட்டால் க்வேவர் (அரை எண்ணிக்கை), 6 மட்டும் இருந்தால் கிராட்செட் (ஒன்று), 3 மட்டும் இருந்தால் மினிம் (இரண்டு), இரண்டும் இருந்தால் செமிபிரீவ் (நான்கு). செமிபிரீவின் அதே வடிவமே செமிக்வேவருக்கும் (கால் எண்ணிக்கை) வரும். பாரின் மொத்தக் கணக்கை வைத்து எது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது 20 செல் எவ்வளவு தூரம் வரும் என்று பார்க்கலாம். சி மேஜர் ஸ்கேல், ஏறுமுகம், ஒரு பாரில் எட்டு க்வேவர். எந்த ஸ்தாயி என்று சொல்லும் ஆக்டேவ் குறி 1, நோட்டுகள் 8, ஆக 9 செல். ஒவ்வொரு நோட்டுக்கும் விரல் எண் சேர்த்தால் 17. எட்டு நோட்டுக்கும் சேர்த்து ஒரு நீள ஸ்லர் போட்டால், தொடக்கத்தில் இரட்டைக் குறியும் கடைசிக்கு முந்தைய நோட்டில் ஒற்றைக் குறியுமாக இன்னும் 3. சரியாக 20. அதற்கு முன்னால் ஒரு பியானோ குறி, அதாவது மென்மையாக வாசி என்கிற ‘பி’, வந்தால் அதற்கு முன் வரும் சொற்குறியும் சேர்ந்து 2 செல் கூடும், பார் உடைந்துவிடும். பீத்தோவனின் நான்காவது கான்செர்டோ பியானோ தனியாகத் தொடங்குகிற இடத்தில் நிலைமை இன்னும் மோசம். வலக்கைக் குறி 2, ‘பி’ 2, ‘டோல்சே’ (இனிமையாக) 6 என்று முதல் நோட்டை விரல் தொடுவதற்கு முன்பே வரியில் பாதி தீர்ந்துவிடும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். நூலகத்திலிருந்து வரும் கோப்புகள் பெரும்பாலும் 40 செல் அகலக் காகிதத்துக்கென்று அமைத்தவை. அதை அப்படியே எஸ்டி கார்டில் போட்டால் ஒவ்வொரு வரியும் இரண்டு துண்டாக வரும். இரண்டாம் துண்டின் முதல் நோட்டுக்கு ஆக்டேவ் குறி இருக்காது. பிரெயில் இசையில் ஆக்டேவ் குறி எல்லா நோட்டுக்கும் போடுவதில்லை. முந்தைய நோட்டிலிருந்து உள்ள தூரம் மூன்றாம் இடைவெளி (ச-விலிருந்து க போல) வரை என்றால் வேண்டாம், ஆறாம் இடைவெளியும் அதற்கு மேலும் தாவினால் கட்டாயம், நான்கும் ஐந்தும் என்றால் ஆக்டேவ் மாறும்போது மட்டும். ஆகவே நடுவில் இருந்து படிக்கத் தொடங்குபவர் பின்னால் போய்த் தேட வேண்டும், இல்லாவிட்டால் ஓர் ஆக்டேவ் தள்ளி மனப்பாடம் செய்துவிடுவார். ஒருமுறை விரலில் ஏறிய தப்பை இறக்குவது சுலபமில்லை.

தீர்வு எளிது. இசை மென்பொருள்கள் பரிமாறிக்கொள்ளும் மியூசிக் எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து பிரெயிலாக மாற்றும்போதே வரி அகலத்தை 20 என்று வைக்க வேண்டும். ஒவ்வொரு பிரெயில் வரியின் முதல் நோட்டுக்கும் ஆக்டேவ் குறி போட வேண்டும் என்பது விதி, அதனால் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் வரி ஆக்டேவோடு தொடங்கும். பார் நடுவில் உடைந்தால் வரிக் கடைசியில் புள்ளி 5 வரும், அது இசை ஹைஃபன். பார் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். வரிக்கு ஒரு செல் நஷ்டம்தான், பரவாயில்லை. மாற்றுவதற்கு இலவசமாகச் சாவ் மாய் பிரெயில் இருக்கிறது, காசு கொடுத்தால் டான்சிங் டாட்ஸின் குட்ஃபீல். மியூஸ்ஸ்கோரிலிருந்தும் நேரடியாக பிரெயில் கோப்பு எடுக்கலாம். எதில் மாற்றினாலும், ஸ்கேன் செய்த பிடிஎஃபிலிருந்து வந்த எக்ஸ்எம்எல்லை நம்பிவிடக் கூடாது. ஒரே ஸ்டேவில் (ஐந்துகோட்டு வரி) இரண்டு குரல்கள் போகும் இடங்களில் கால அளவு குழம்பியிருக்கும். பார்வையுள்ள ஒருவரை வைத்து மூலத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

பியானோ கோப்புக்கு இன்னொரு சிக்கல். காகித பிரெயிலில் பாருக்கு மேல் பார் என்று ஓர் அமைப்பு உண்டு: மேல் வரியில் வலக்கை, அதற்கு நேர் கீழே இடக்கை. விரலை நெட்டாக இறக்கினால் எந்த நோட்டோடு எது சேர்கிறது என்று புரியும். ஒற்றை வரி டிஸ்ப்ளேயில் அந்த நேர்கோடு காணாமல் போகும், ஒழுங்குக்காக விட்ட வெற்றிடங்கள் மட்டும் மிச்சமாகி இடத்தை அடைக்கும். எனவே பகுதி பகுதியாக எழுதும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: எட்டு பார் வலக்கை, பிறகு அதே எட்டு பார் இடக்கை. அதைவிட நல்லது, வலக்கைக்கு ஒரு கோப்பு, இடக்கைக்கு ஒரு கோப்பு. இடக்கையால் படித்துக்கொண்டே வலக்கையால் வாசித்துப் பார்க்கலாம், பிறகு கை மாற்றலாம். கோர்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் நோட்டுகள்) எழுதும் முறையையும் கவனிக்க வேண்டும். வலக்கையில் உச்ச நோட்டை எழுதிவிட்டு மற்றவை கீழ்நோக்கிய இடைவெளிகளாக வரும், இடக்கையில் அடி நோட்டிலிருந்து மேல்நோக்கி. கை மாற்றிப் படிக்கும்போது இந்தத் திசை மாற்றத்தில்தான் பழகியவர்களுக்கும் சறுக்கும்.

வயலின்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை: இரண்டு கையும் வேலையில் இருப்பதால் வாசித்துக்கொண்டே படிக்க வழியே கிடையாது. இரண்டு, மூன்று பார் படி, கருவியை எடு, வாசி, மறுபடி படி. சாதனத்தை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பதால் இந்தச் சுற்று காகிதப் புத்தகத்தைவிட இதில் வேகமாக நடக்கும். ஒற்றை வரி இசைக்கு 20 செல் இயல்பாகவே பொருந்துகிறது. வாய்ப்பாட்டுக்காரர் கொடுத்துவைத்தவர், பாடிக்கொண்டே படிக்கலாம்.

ஒரு பாருக்கு நேராகத் தாவத் தனி விசை இதில் இல்லை, இதுதான் எனக்குப் பெரிய குறை. தேடும் வசதியும் புக்மார்க்கும் இருப்பதால் சமாளிக்கலாம். ஒவ்வொரு எட்டு பாருக்கும் முன்னால் பார் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும், ஒத்திகை எழுத்து (ஸ்கோரில் இடங்களைக் குறிக்கும் ஏ, பி போன்ற எழுத்து) வாரியாகக் கோப்பைப் பிரித்து ‘முதல் பகுதி ஏ’, ‘முதல் பகுதி பி’ என்று பெயர் வைக்க வேண்டும். நடத்துநர் ‘டி எழுத்திலிருந்து’ என்றதும் கோப்பைத் திறப்பது, ஒரே நீளக் கோப்பில் தேடுவதைவிட வேகம். ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கும் பகுதிகளைச் சும்மா ‘32 பார் ஓய்வு’ என்று விட்டுவிடாமல், நுழைவுக்கு முந்தைய நான்கு பாரில் கேட்கப்போகும் ஓபோவையோ ஹார்னையோ தனிக் கோப்பில் சேர்த்துக்கொள்வது நல்லது. நடத்துநரின் குச்சியைப் பார்க்க முடியாதவருக்கு நுழைவு என்பது கேட்டுப் பிடிப்பதுதான். ட்சுஜீ போன்றவர்கள் நடத்துநரின் மூச்சைக் கேட்டே நுழைகிறார்கள்.

கணினியோடு இணைத்து என்விடிஏ என்கிற திரைவாசிப்பு மென்பொருள் வழியாகப் படிக்கும்போது இசை குப்பையாக வந்தால் சாதனத்தின் மேல் தப்பில்லை. எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளிகள் என்று சொல்லும் பிரெயில் அட்டவணை ஆங்கில உரைக்கென்று அமைந்திருக்கும், அதை ஆறு புள்ளி கணினி பிரெயிலுக்கு மாற்ற வேண்டும். எட்டு புள்ளி அட்டவணையில் பெரிய எழுத்துகளுக்கு ஏழாம் புள்ளி எழும்பி இசைக்குறியைக் கெடுக்கும். எஸ்டி கார்டிலிருந்து நேராகப் படித்தால் இந்த வம்பே இல்லை.

புள்ளிகள் இடமிருந்து வலமாக அலைபோல ஏறும், ஒவ்வொரு முறையும் நன்றாகவே சத்தம் கேட்கும். படிக்கும் விரலும் அதே திசையில்தான் போகிறது என்பதால் வேகம் ஒரு தடையில்லை. சத்தம்தான் தடை. பதிவுக்கூடத்தில் மைக் திறந்திருக்கும்போது தொடக் கூடாது. மேடைக்கு இதை எடுத்துப்போகிற எண்ணமே வேண்டாம். இது மனப்பாடத்துக்கான கருவி.

கர்நாடக இசைக்காக இதை வாங்கலாமா என்று கேட்டால் அவசரமில்லை என்பேன். பார்வையற்ற கலைஞர்களான குடந்தை சரப சாஸ்திரியின் புல்லாங்குழலும், 2005இல் சங்கீத கலாநிதி பெற்ற எம். சந்திரசேகரனின் வயலினும் எழுத்துக்குறியை நம்பி வளரவில்லை. நம் கற்பித்தலே வாய்வழி. சாகித்தியமும் சுரமும் தமிழ் பிரெயிலில் எழுதிவைக்க மட்டும் இது வசதி.

பிரெயில் ஸ்கோர் கிடைப்பது தனிப் பாடு. அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் கீழ் உள்ள தேசிய நூலகச் சேவை 1962 முதல் இசைக்கென்று தனித் தொகுப்பு வைத்திருக்கிறது, ஆனால் நேரடிச் சேவை அமெரிக்கர்களுக்குத்தான். நமக்கு வழி மராகேஷ் ஒப்பந்தம், அதாவது பார்வையற்றோருக்கான பிரதிகளை நாடுகளிடையே பரிமாற அனுமதிக்கும் சர்வதேச ஒப்பந்தம். 2014இல் அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, இசைக்குறியீடும் அதற்குள் வரும். விண்ணப்பம் தனிநபர் பெயரில் போகாது, அங்கீகாரம் பெற்ற நூலகமோ அமைப்போ மூலம் போக வேண்டும். கச்சேரி தேதிக்கு வெகு முன்னதாகவே கேட்டுவையுங்கள்.

வாங்கினால் பராமரிப்பில் ஒன்று: வயலின், செல்லோ வாசிப்பவர்கள், வில்லில் தடவும் ரோசின் தூள் படிந்த விரலோடு செல்களைத் தொடக் கூடாது. தூள் புள்ளித் துளைகளில் இறங்கினால் புள்ளி பாதியில் நிற்கும், 6ஆம் புள்ளி எழும்பாத கிராட்செட் க்வேவராகப் படிக்கும். விரல் துடைக்கப் பக்கத்தில் ஈரத் துணி ஒன்று இருக்கட்டும். எல்லாக் கோப்பும் ஏற்றிய இரண்டாவது எஸ்டி கார்டும் பெட்டியில் இருக்கட்டும்.