இன்ஜின் புதுசு, வண்டி பழசு: ஓவர்ஹாலுக்குப் பிறகு 14 மாதம்

டிரெய்லர் வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: “9 லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு, ஆயில் குடிக்குது. இன்ஜின் வேலை பார்க்கட்டுமா, வண்டியையே மாத்தட்டுமா?” இதே கேள்வியோடு நானும் நின்றவன். ஓவர்ஹால், அதாவது இன்ஜினைப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றும் வேலை, அந்தப் பக்கம் போனேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஆயில் டெஸ்ட். அடுத்தடுத்து மூன்று சர்வீஸில் ஈயமும் செம்பும் ஏறிக்கொண்டே வந்தன. பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். இரும்பும் ஏறியது, அது லைனர் (பிஸ்டன் ஓடும் குழாய்), பிஸ்டன் ரிங் பக்கம். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. லைனரைத் தனியாக உருவி மாற்றக்கூடிய வெட் லைனர் இன்ஜின் என்பதால் சேஸிஸிலிருந்து இறக்காமலே வேலை நடந்தது. கழற்றிய லைனர் ஒன்றை மெக்கானிக் என் கையில் கொடுத்தார். ஆயிலைப் பிடித்து வைக்க உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போட்டிருப்பார்கள். கீழே கொஞ்சம் மிச்சமிருந்தது. ரிங் ஓடும் மேல்பகுதி கண்ணாடி போல வழவழவென்று இருந்தது.

வேலை அருமை, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. 1.4 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. இரண்டு சர்வீஸுக்கு நடுவில் ஒரு சொட்டு ஆயில் ஊற்றியதில்லை. முன்பு இரண்டு கியர் இறக்கி முக்கி முனகி ஏறிய மேட்டில் இப்போது முழு லோடோடு ஒரு கியர் இறக்கினால் போதும். டிரைவர் அந்த வண்டியைத்தான் கேட்டு வாங்குகிறார்.

ஆனால் அந்த டிபிஎஃப் விளக்கு! டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர் அது. சேர்ந்த கரியை சுமார் 600 டிகிரி வெப்பத்தில் தானே எரித்துக்கொள்ளும். கரி எரியும், சாம்பல் எரியாது. பழைய இன்ஜின் மாதக்கணக்கில் குடித்த ஆயிலின் சாம்பல் முழுக்க அந்த ஃபில்டருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இன்ஜினைப் புதுசாக்கினேன், இதை அப்படியே விட்டுவிட்டேன். விளைவு, கரியை எரிக்கச் சொல்லும் ரீஜென் விளக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை எரிந்தது. ஓரங்கட்டி நிறுத்தி எரிக்க வேண்டும். விட்டால் பவர் குறைந்து வண்டி நத்தையாகிவிடும். ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகு அடங்கியது. அடுத்து, புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் போனது. அதை மாற்றிய கையோடு, சேஸிஸில் உரசி உரசித் தோல் தேய்ந்த வயரிங், எங்கே ஷார்ட் என்று கண்டுபிடிக்கவே நாலு நாள்.

வண்டி நின்ற நாட்களைத் தனி நோட்டில் எழுதி வைப்பேன். 14 மாதத்தில் 31 நாள். இன்ஜினால் நின்றது ஒரு நாள்கூட இல்லை.

வருடம் ஏற ஏற வண்டியின் மதிப்பு விழும் வேகம் குறையும், ரிப்பேர் செலவு கூடும். இரண்டையும் கூட்டினால் கிலோமீட்டருக்கு எந்த வருடம் குறைவாக வருகிறதோ அப்போது மாற்று என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் நின்ற நாளுக்கு யாரும் பில் தருவதில்லை, அதனால் அது கணக்கில் ஏறுவதேயில்லை. பெரிய கம்பெனிகள் பல, வாரண்டி முடியும் நாலைந்து வருடத்திலேயே வண்டியைத் தள்ளிவிடுவது அந்த நாட்களைப் பார்க்காமல் தப்பிக்கத்தான். அமெரிக்காவில் இந்த ஃபில்டரைக் கொண்டுவந்தது 2007 புகை விதி. அதற்கு முந்தைய வருடமே நிறையக் கம்பெனிகள் பழைய வகை வண்டிகளை அவசரமாக வாங்கி வைத்தன. அவர்கள் பயந்தது வீண் பயமில்லை என்று இப்போது புரிகிறது.

நண்பரிடம் சொன்னேன்: மாற்றிவிடுங்கள். இல்லை, ஓவர்ஹால்தான் என்றால் ஃபில்டர் சுத்தம், சென்சார், வயரிங் மூன்றையும் அதே பட்ஜெட்டில் சேருங்கள். சேர்த்த பிறகும் தொகை கட்டுபடியாகிறதா என்று பாருங்கள். “இன்ஜின் அவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் மாத்தச் சொல்றீங்க?” என்றார். அந்த 31 நாளில் எத்தனை பேருக்கு நான் போனில் பதில் சொன்னேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

என் வண்டியை வாங்கலாமா என்று பார்க்க ஒருவர் போன மாதம் வந்தார். ஓவர்ஹால் பில், அதற்குப் பிறகு எடுத்த ஆயில் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஃபைலில் போட்டு பானெட் மேல் வைத்தேன். கேபினில் ஏறி மீட்டரைப் பார்த்தார், இறங்கி விலையைச் சொன்னார். ஃபைலை அவர் திறக்கவே இல்லை.